வீட்டுவழிக் கல்வி: சட்டம் என்ன சொல்கிறது?



2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்ட நம் தமிழகப் பள்ளிகள், சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த ஒன்றரை ஆண்டுக் காலத்தில் பல பெற்றோர் தங்கள் பிள்ளை படிப்பதை முதல்முறையாக அருகில் இருந்து பார்த்தார்கள். சிலர் கவலைப்பட்டார்கள். வேறு சிலருக்கோ, 'நாமே சொல்லிக் கொடுத்தால் என்ன?' என்ற எண்ணம் பிறந்தது. பள்ளிக் கட்டணச் சுமை, வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை, அடிக்கடி ஊர் மாறும் தந்தையின் வேலை என்று இந்த எண்ணத்துக்குக் காரணங்கள் பல.

"ஃபாதர், பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாமா? சட்டப்படி அது குற்றமா? பிறகு பரீட்சை எழுத முடியுமா?" என்று பங்குகளில் கேட்கிறார்கள். ஹோம் ஸ்கூலிங் என்று பலரும் சொல்லும் வீட்டுவழிக் கல்வியைப் பற்றி, 'தாராளமாகச் செய்யலாம்' என்று ஒருவர் சொல்வார். 'சிறைக்குப் போக வேண்டியிருக்கும்' என்று இன்னொருவர் பயமுறுத்துவார். இரண்டுமே முழு உண்மை அல்ல. எனவே சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது, என்னென்ன வழிகள் திறந்திருக்கின்றன என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

பெற்றோரின் உரிமை எதற்காக?

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்பது திருச்சபையின் உறுதியான போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் (சட்டம் 793) பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பது பெற்றோரின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்கிறது. பள்ளியைத் தேர்ந்துகொள்ள அவர்களுக்கு உண்மையான சுதந்திரம் இருக்க வேண்டும் என்று சட்டம் 797 வலியுறுத்துகிறது.

இந்த உரிமைக்காக நம் துறவற சகோதரிகள் நீதிமன்றப் படி ஏறிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1922-இல், எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. பள்ளி நடத்திவந்த கத்தோலிக்க சகோதரிகள் அதை எதிர்த்து வழக்காடினார்கள். பிள்ளையின் கல்வியை வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று கூறி, 1925-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. ஆனால் பள்ளிகளை ஆய்வு செய்து ஒழுங்குபடுத்த அரசுக்குள்ள அதிகாரத்தை அதே தீர்ப்பு மறுக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

ஏனெனில் பெற்றோரின் உரிமைக்கு ஒரு நோக்கம் உண்டு. பிள்ளை நம்முடைய உடைமை அல்ல. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடை. பிள்ளை வளர்வதற்காகவே நமக்கு அந்த உரிமை தரப்பட்டிருக்கிறது. ஆகவே 'எனக்கு உரிமை இருக்கிறதா?' என்று கேட்கும் ஒவ்வொரு பெற்றோரும், 'இதனால் என் பிள்ளைக்கு எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு மூடும்?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம்

ஆந்திர மாநிலம் தொடர்பான உன்னிகிருஷ்ணன் வழக்கில், 14 வயது வரையிலான குழந்தைக்குக் கல்வி பெறும் அடிப்படை உரிமை உண்டு என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் 21ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க வேண்டும் என்பது இப்பிரிவு. அதே திருத்தம் 51ஏ(கே) என்ற பிரிவையும் சேர்த்தது. இந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அமைத்துக் கொடுப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று அது கூறுகிறது.

இவற்றைச் செயல்படுத்த வந்ததே குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. அது 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. நம் கேள்விக்கு அதன் மூன்று பிரிவுகள் முக்கியமானவை.

முதலாவது, பிரிவு 3. அருகமைப் பள்ளியில் தொடக்கக் கல்வியை, அதாவது 8-ஆம் வகுப்பு வரையிலான கல்வியை முடிக்கும் உரிமையை இது குழந்தைக்கு வழங்குகிறது.

இரண்டாவது, பிரிவு 8. 'கட்டாயம்' என்ற சொல்லை இது முதன்மையாக அரசின் மீதே வைக்கிறது. இடம் கொடுக்க வேண்டியதும், சேர்க்கையையும் வருகையையும் படிப்பு முடிப்பதையும் உறுதிசெய்ய வேண்டியதும் அரசு.

மூன்றாவது, பிரிவு 10. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின், பாதுகாவலரின் கடமை என்று இது சொல்கிறது.

இந்த மூன்றாவது பிரிவைப் படித்தால், 'அப்படியானால் வீட்டில் படிக்க வைப்பது சட்டமீறல்தானே?' என்று தோன்றும். கடமை என்று எழுதியிருப்பது உண்மை. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ இந்தச் சட்டத்தில் குறிப்பிடப்படவில்லை. வீட்டுவழிக் கல்வி என்ற பேச்சே பொதுவாக அதில் இல்லை. அனுமதி என்றும் இல்லை, தடை என்றும் இல்லை. இந்த மௌனம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் இக்கேள்வி ஒருமுறை எழுந்தது. அவ்வழக்கில் 2012-ஆம் ஆண்டு மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், தாமாக விரும்பி வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் பெற்றோர் அதைத் தொடரலாம், 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை என்று கூறியது. வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் ஒரு வழக்கில் அரசு சொன்ன நிலைப்பாடு வேறு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேறு. நிலைப்பாடு மாறக்கூடியது. வீட்டுவழிக் கல்வியை அங்கீகரித்து, அதற்கு விதிமுறை வகுக்கும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை.

தமிழ்நாடும் 1994-ஆம் ஆண்டிலேயே தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றிய மாநிலம். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கண்டறியும் கணக்கெடுப்பு இங்கே வீடு வீடாக நடக்கிறது. ஆசிரியப் பயிற்றுநரோ தலைமையாசிரியரோ உங்கள் வீட்டுக்கு வந்து, 'பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை?' என்று கேட்டால், அவர் தம் கடமையைச் செய்கிறார். கோபப்படாமல் அவரை உட்கார வைத்து, பிள்ளை என்ன படிக்கிறது, எந்தத் தேர்வுக்குத் தயாராகிறது என்பதைக் காட்டுங்கள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால், அவருடைய கேள்வி நியாயமான கேள்விதான்.

வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்களின் அனுபவத்தை வைத்தும் இங்கே முடிவெடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வழியிலோ பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்யலாம் என்று இடமளிக்கிறது. ஜெர்மனியிலோ பள்ளிக்குப் போவது கட்டாயம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த பெற்றோரிடமிருந்து அவர்களைச் சில வாரங்கள் பிரித்துவைத்த ஜெர்மன் அதிகாரிகளின் செயல் உரிமை மீறல் அல்ல என்று 2019-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

திறந்திருக்கும் வழிகள்

வீட்டில் நீங்கள் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும், நீங்களே சான்றிதழ் கொடுக்க முடியாது. ஒரு நாள் உங்கள் பிள்ளை அங்கீகாரம் பெற்ற ஒரு தேர்வை எழுதியே ஆகவேண்டும். அதற்கான வழிகள் இவை.

1. தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-இல் தொடங்கப்பட்டு, 2002 முதல் இப்போதைய பெயரில் இயங்கும் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இதை நடத்துகிறது. இதன் மண்டல அலுவலகம் சென்னையில் உண்டு. 10-ஆம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். 8-ஆம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும், இப்படிப்பைப் படிக்கும் தகுதி தமக்கு இருக்கிறது என்ற சுய உறுதிமொழியின் பேரில் சேர இடமுண்டு. குறைந்தது ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். அவற்றுள் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். மொழிப்பாடமாகத் தமிழையும் எடுக்கலாம். ஒருமுறை பதிவு செய்தால் அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். எல்லாப் பாடங்களையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 10-ஆம் வகுப்பு முடித்தபின் 12-ஆம் வகுப்புக்கு இணையான படிப்பிலும் இங்கேயே சேரலாம். சிறு பிள்ளைகளுக்கான அடிப்படைக் கல்வியும் இங்கே மூன்று நிலைகளில் உண்டு. அவை 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையானவை. உங்கள் பிள்ளையின் வயதில் சேர்த்துக்கொள்வார்களா என்பதை அங்கீகாரம் பெற்ற மையத்தில் நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

'திறந்தநிலைப் பள்ளியில் படித்தால் மருத்துவராக முடியாதாமே?' என்று கேட்கிறார்கள். முன்பு அப்படி ஒரு தடை இருந்தது. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பின்னர் தேசிய மருத்துவ ஆணையமும் அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளியில் படித்தோர் நீட் தேர்வு எழுதுவதை ஏற்றுக்கொண்டது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் அதைப் பதிவு செய்தது. எனினும் ஒரு குறிப்பிட்ட கல்லூரியையோ அரசுப் பணியையோ மனத்தில் வைத்திருந்தால், அங்கே இச்சான்று ஏற்கப்படுமா என்பதை முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

2. தமிழக அரசின் தனித்தேர்வு. நம் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் 8-ஆம் வகுப்புக்கும் 10-ஆம் வகுப்புக்கும் தனித்தேர்வர்களுக்குத் தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை 8-ஆம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்று, பதினான்கரை வயதும் நிறைந்தால் 10-ஆம் வகுப்புத் தேர்வை எழுதலாம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கென்று தனியாக முன்பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குச் சென்று, 80 விழுக்காடு வகுப்புகளிலாவது கலந்துகொள்ள வேண்டும். இதைத் தவறவிட்டு, தேர்வுக் காலத்தில் ஓடி வருபவர்கள் உண்டு. விண்ணப்பங்களை அரசுத் தேர்வுகள் சேவை மையங்கள் பெற்றுக்கொள்கின்றன. அறிவிப்புகளையும் கடைசி நாளையும் நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும். நினைவூட்ட வகுப்பாசிரியர் இருக்கமாட்டார்.

3. வெளிநாட்டுத் தேர்வு வாரியங்கள். கேம்பிரிட்ஜ் போன்ற வாரியங்களின் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுத, அவற்றின் மையங்கள் சிலவற்றில் இடமுண்டு. கட்டணம் அதிகம். நம் நாட்டுக் கல்லூரியில் சேர, எத்தனை பாடங்கள், எந்தத் தரம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வகுத்துள்ள நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும்.

4. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி. இது ஒன்றுதான் சட்டம் பெயர் சொல்லியே அனுமதித்திருக்கும் வீட்டுக் கல்வி. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள பிள்ளைகள் வீட்டு அடிப்படையிலான கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வந்து கற்பிப்பார். தேவைப்பட்டால் இயன்முறை மருத்துவரும் வருவார். பிள்ளையின் பெயர் அருகிலுள்ள பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். இது சலுகை அல்ல, பிள்ளையின் உரிமை. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தை அணுகுங்கள். இப்படியொரு பிள்ளை நம் அன்பியத்தில் யாருடைய வீட்டிலாவது இருந்தால், அந்தப் பெற்றோருக்கு இச்செய்தியைச் சொல்வது நம் கடமை.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்துகளை மாற்றிப் படிப்பது, கணக்கில் திணறுவது போன்ற கற்றல் குறைபாட்டையும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருத்துவச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். 'மக்கு' என்ற பட்டத்தோடு பள்ளியை விட்டு நிறுத்தப்படும் பல பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது வீட்டுவழிக் கல்வி அல்ல, இந்த உதவிதான். அதை முதலில் கேட்டுப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

ஒரு பள்ளியில் பெயரை மட்டும் வைத்துவிட்டு, பிள்ளை அங்கே போகாமலேயே வருகை போடச் சொல்வது சிலருக்கு எளிய வழியாகத் தெரிகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பள்ளிகளில் 75 விழுக்காடு வருகை கட்டாயம். பெயருக்கு மட்டும் சேர்ந்திருக்கும் மாணவர்கள்மீது அவ்வாரியம் கடுமையாகவே நடந்துவருகிறது. சட்டச் சிக்கல் ஒருபுறமிருக்க, கல்வியைப் பொய்யில் தொடங்கிவிட்டு, பிள்ளைக்கு நேர்மையைக் கற்பிப்பது எப்படி?

இரண்டாவது, பங்கு மண்டபத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்து, ஆசிரியரை அமர்த்தி, கட்டணம் வாங்கி நாள்தோறும் வகுப்பு நடத்தலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. பள்ளிக்குப் பிந்திய மாலை வகுப்பு என்றால் தடையில்லை. பள்ளிக்குப் பதிலாக நடத்தினால், அது அங்கீகாரம் இல்லாத பள்ளியாகக் கருதப்படலாம். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 18, அப்படி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க வழி செய்கிறது. பெற்றோருக்குத் தண்டனை சொல்லாத இந்தச் சட்டம், இங்கே தண்டனையைத் தெளிவாகவே சொல்கிறது.

மூன்றாவது, வேலை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம். ஆனால் பள்ளி நேரம் முடிந்தபின் அல்லது விடுமுறையில் மட்டுமே. வீட்டில் படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டு காலையிலேயே மகனைக் கடையில் உட்கார வைத்தால், அது கல்வி ஆகாது.

நான்காவதாகச் சொல்வது நெஞ்சை உறுத்தும் செய்தி. வயதுக்கு வந்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, 'வீட்டிலேயே படிக்கிறாள்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. தம்பி பள்ளிக்குப் போகிறான். அக்கா பாத்திரம் கழுவுகிறாள். அங்கே பாடநூல் இல்லை, பாட நேரம் இல்லை, எழுதப்போகும் தேர்வும் இல்லை. சில வீடுகளில் அடுத்த படி, 18 வயதுக்கு முன்னே திருமணம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அது குற்றம். அன்பான பெற்றோரே, இதற்கு வீட்டுவழிக் கல்வி என்று பெயர் சூட்டாதீர்கள். இதற்குப் பெயர் இடைநிற்றல். பெற்றோரின் உரிமை பற்றித் திருச்சபை சொல்வது எதுவும் இதற்குத் துணை நிற்காது.

விட்டுக்கொடுக்க வேண்டியவை

முடிவெடுக்கும் முன் இழப்பையும் கணக்கிடுங்கள். அரசுப் பள்ளியில் படிப்பதோடு இணைக்கப்பட்ட வாய்ப்புகள் பல. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் 2020-ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கானது. கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்க 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளிப் படிப்பை வைத்தே அமைந்தது. சத்துணவு, விலையில்லாப் பாடநூல், கல்வி உதவித்தொகை ஆகியவையும் அப்படியே. வசதியுள்ள குடும்பத்துக்கு இவை பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இவைதான் ஏணி.

10-ஆம் வகுப்புச் சான்றே இல்லாமல் போனால் இழப்பு இன்னும் பெரிது. நம் கடற்கரைப் பங்குகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு இது தெரியும். 10-ஆம் வகுப்பு முடிக்காதவரின் கடவுச்சீட்டு, பொதுவாக, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பிரிவில் வரும். அந்த அனுமதிக்குத் தனியே அலைய வேண்டும். 12 வயதில் பெற்றோர் எடுத்த முடிவின் சுமையை 22 வயதில் பிள்ளை சுமக்கும்.

திரும்பி வரும் கதவு

வீட்டில் தொடங்கிய முயற்சி ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வது? இங்கே சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்கிறது பிரிவு 4; பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். பிறப்புச் சான்று இல்லை, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்ற காரணங்களுக்காக இடம் மறுக்கக் கூடாது. 14 வயதைக் கடந்தாலும் தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை இலவசமாகப் படிக்கலாம்.

ஆனால் இதை எல்லாப் பள்ளிகளிலும் உரிமையாகக் கேட்க இயலாது. 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, நம் கத்தோலிக்கப் பள்ளிகள் உள்ளிட்ட சிறுபான்மைப் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் பரிந்துரைத்தது. எப்படியானாலும், சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக நம் பள்ளிகள் திரும்பி வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே என் வேண்டுகோள். நற்செய்திக்கு அதைவிடப் பெரிய கட்டாயம் உண்டு.

எனவே வீட்டில் படிக்க வைக்கத் தீர்மானிக்கும் பெற்றோர் முதல் நாளிலிருந்தே சிலவற்றைச் செய்ய வேண்டும்.

- பிறப்புச் சான்று, ஆதார், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் பாதுகாப்பாக வையுங்கள்.
- என்ன பாடம், எந்த நாளில், எவ்வளவு நேரம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பிள்ளை எழுதிய ஏடுகளைத் தூக்கி எறியாதீர்கள்.
- ஆண்டுக்கு ஒருமுறை, உங்களுக்குச் சாதகமாகப் பேச வேண்டிய தேவை இல்லாத ஓர் ஆசிரியரிடம் பிள்ளையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.
- எந்த வயதில் எந்தத் தேர்வு என்பதை இப்போதே தாளில் எழுதுங்கள்.
- சொத்துப் பிரச்சினைக்கு வழக்கறிஞரைப் பார்க்கிறோமே! பிள்ளையின் படிப்புக்காகவும் ஒருமுறை அவரைப் பாருங்கள். விதிகள் மாறும், புதிய விதி எது என்பதை அவர் சொல்வார்.
- பிள்ளையையும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் நண்பர்களைப் பற்றியும் தன் பயங்களைப் பற்றியும் சொல்லத் தெரியும்.

வீட்டில் படிக்கும் பிள்ளை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பையும், பீடச் சிறுவர், பாலர் சபை போன்றவற்றையும் விட்டுவிடக் கூடாது. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்திருக்கும் இடம் அவர்களுக்கு வேறு எவரையும்விடக் கூடுதலாகத் தேவை.

இவ்வளவும் படித்தபின், 'எங்களால் முடியும்' என்று சில குடும்பங்கள் சொல்லலாம். தாயோ தந்தையோ நாள்தோறும் நேரம் ஒதுக்க முடிகிற, பிள்ளையும் விரும்புகிற, தேர்வுக்கான பாதை தெளிவாக இருக்கிற வீட்டில் இது நல்ல முயற்சியாகவே அமையும். 'எங்களால் முடியாது' என்று சொல்லும் குடும்பங்களுக்கும் குற்ற உணர்வு வேண்டாம். பள்ளிக்கு அனுப்புவதால் நீங்கள் முதல் ஆசிரியர் என்ற பொறுப்பை இழந்துவிடவில்லை. மாலையில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, 'இன்று என்ன படித்தாய்?' என்று கேட்கும் தந்தையும் தாயும் வீட்டில் கல்வி கொடுக்கிறார்கள்தான்.

திமொத்தேயுவின் நம்பிக்கை அவருடைய பாட்டி லோயியிடமிருந்தும் தாய் யூனிக்கியிடமிருந்தும் வந்தது என்கிறார் புனித பவுல் (2 திமொ 1:5). நாசரேத்து வீட்டில் வளர்ந்த இயேசுவையோ, பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்து, கேட்டும் வினவியும் கொண்டிருந்தவராகப் பார்க்கிறோம் (லூக் 2:46). வீட்டின் அன்பும் வேண்டும். வீட்டுக்கு வெளியே உள்ள ஆசிரியர்களும் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டில் எதுவும் மறுக்கப்படாதிருக்க, அன்னை மரியாவும் புனித சூசையப்பரும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக. இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!